பல்லி உருவமும் மூங்கில் பீரங்கியும்: வாசகர் கேள்விகள்

‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளிக் கதைகளின் முதல் தொடரில் வரும் ‘அரீனா’ அத்தியாயத்தைப் பற்றிச் சென்ற இதழில் “ஓட்டைகள் நிறைந்த, ஆனாலும் விடாமல் பார்க்க வைக்கிற அத்தியாயம்” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியை ஏற்றும் மறுத்தும் விளக்கம் கேட்டும் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செஸ்டஸ் மூன்று என்ற கோளில் மனிதர்கள் அமைத்திருந்த குடியிருப்பை யாரோ தாக்கி அழித்துவிடுகிறார்கள். போலிச் செய்தியால் அங்கே வரவழைக்கப்பட்ட எண்டர்பிரைஸ் விண்கலத்தின் கேப்டன் கிர்க், தாக்கியவர்களின் கலத்தை அழித்தே தீருவது என்று துரத்துகிறார். வழியில் மெட்ரான்கள் என்னும் பேராற்றல் கொண்ட இனத்தார் இரண்டு கலங்களையும் நிறுத்தி, இரு தலைவர்களையும் ஒரு பாழ்நிலத்தில் இறக்கிவிட்டு, ஆளுக்கு ஆள் மோதித் தீர்த்துக்கொள்ளுங்கள், தோற்றவரின் கலம் அழிக்கப்படும் என்று அறிவிக்கிறார்கள். கிர்க்கின் எதிராளி பல்லி உருவம் கொண்ட கோர்ன் இனத் தலைவன். அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1967 ஜனவரி 19 அன்று முதன்முதலில் ஒளிபரப்பான இந்த அத்தியாயத்துக்குத் திரைக்கதை எழுதியவர் ஜீன் கூன், இயக்கியவர் ஜோசப் பெவ்னி.

கேள்வி: எண்பதுகளில் தூர்தர்ஷனில் இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவன் நான். அண்மையில் என் மகளுக்கு ‘அரீனா’வைப் போட்டுக் காட்டினேன். பல்லி மனிதன் நடந்து வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் எனக்கே கூச்சமாகிவிட்டது. அந்த ரப்பர் உடையை வைத்துக்கொண்டு இதை நல்ல அத்தியாயம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? — வாசகர், திருச்சி

பதில்: உங்கள் மகளின் சிரிப்பு நியாயமானதுதான். கோர்ன் அடி எடுத்து வைப்பதற்குள் கிர்க் பாறையைச் சுற்றி ஓடிவிட்டுத் திரும்பி வந்து நிற்கலாம். சண்டைக் காட்சியில் இருவரும் மாறி மாறிக் கையை ஓங்குவதைப் பார்க்கும்போது, ஒருவர் ஓங்கி முடிக்கும்வரை மற்றவர் மரியாதையாகக் காத்திருப்பதுபோல் தோன்றும். கிர்க் உச்சியிலிருந்து உருட்டிவிடும் பாறையின் எடையை நம்புவதற்கும் கொஞ்சம் பெரிய மனது வேண்டும்.

ஆனால் அந்த உடையைச் செய்தவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வா சாங் என்ற கலைஞர் அதைச் செய்தார். அதே தொடரில் கிர்க் மூடியைத் திறந்து பேசும் அந்தச் சிறிய தொடர்புக் கருவியும் அவர் கைவண்ணம்தான். கோர்னின் முகத்தை அசையாத படமாக நிறுத்திப் பாருங்கள்: பல பட்டைகள் வெட்டிய வெள்ளிக் கண்கள், பற்கள் வரிசையாகத் தெரியும் வாய், உடலைப் போர்த்திய பளபளக்கும் அங்கி. ஒரு வேட்டை மிருகத்துக்கு உடை உடுத்தி, அதற்கென்று ஒரு நாகரிகம் உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். அசையும்போதுதான் மானம் போகிறது. உடைக்குள் இருந்தவர்கள் சண்டைக் கலைஞர்கள். குரல் கொடுத்தவர் டெட் காசிடி என்ற நெடிய உருவ நடிகர். சீறலுக்கும் மூச்சிரைப்புக்கும் நடுவே வரும் அந்தக் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சிரிப்பு வராது. இந்த நூற்றாண்டில் தொடரைப் புதுப்பித்து வெளியிட்டபோது கணினி உதவியோடு கோர்னுக்குக் கண் சிமிட்ட வைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிமிட்டாத கண்தான் அந்த முகத்தின் பலமே.

எனவே ரப்பர் உடையைக் குறையாக நான் எண்ணவில்லை. 1967-இல் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் எடுத்தவர்களிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது முறையும் அல்ல.

கேள்வி: வெடிமருந்துத் தொழில் நடக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன். கையில் அள்ளிய வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றைக் கல்லால் தட்டி, மூங்கிலில் அடைத்து, வைரக் கற்களைக் குண்டாக வைத்துச் சுடுவது நடக்கிற காரியமா? — வாசகர், சிவகாசி

பதில்: நடக்காது என்று உங்களுக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கருமருந்தின் சேர்மானம் என்னவோ சரியானதுதான். கரியும் கந்தகமும் எரிபொருள், எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவது வெடியுப்பு. ஆனால் மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தால் மட்டும் துப்பாக்கி மருந்து ஆகிவிடாது. எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு இருக்க வேண்டும். மூன்றும் மிக நுண்ணிய தூளாகி ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஆலைகளில் இந்தக் கலவையை ஈரப்படுத்தி மணிக்கணக்கில் அரைத்ததன் காரணம் அதுதான். கிர்க் செய்வதுபோல் கைப்பிடி அளவில் அள்ளிப் போட்ட கரடுமுரடான கலவை புஸ்ஸென்று எரிந்து புகையும், குண்டைத் தள்ளும் வேகம் அதற்கு வராது. ஒருவேளை கலவை நன்றாக அமைந்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அப்போது மூங்கில்தான் பிளக்கும். அமெரிக்காவின் ‘மித்பஸ்டர்ஸ்’ நிகழ்ச்சிக் குழுவினர் இதைச் செய்து பார்த்தபோது அப்படித்தான் ஆயிற்று. எதிரியைக் காட்டிலும் சுடுகிறவருக்குத்தான் அந்தப் பீரங்கியால் கேடு என்று முடிவு கட்டினார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், அத்தியாயத்தின் மிகச் சிறந்த பகுதி இந்தப் பீரங்கிதான் என்பேன். காரணம், கதை நம்மிடம் எதையும் ஒளிக்கவில்லை. ஆயுதம் தேடி அலையும் கிர்க்கின் காலடியில் வைரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. நிகரற்ற செல்வம், ஆனால் ஒரு நல்ல தடிக்கு ஈடாகாது என்று அவர் சலித்துக்கொள்கிறார். கந்தகத்தின் மஞ்சள் படிவைக் கடந்து போகிறார். மூங்கில் முன்பே கண்ணில் படுகிறது. கால் அடிபட்டு நொண்டிக்கொண்டு ஓடும் நேரத்தில்தான் சிதறிக் கிடந்தவை அவர் மனதில் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பள்ளியில் வேதியியல் படித்த எந்தப் பிள்ளையும் அந்தக் கணத்தில் கிர்க்குக்கு ஒரு விநாடி முன்பாகவே விடையைச் சொல்லிவிடலாம். அந்தப் பெருமையைப் பார்வையாளருக்குக் கொடுத்ததில்தான் ஜீன் கூனின் தொழில் நுட்பம் தெரிகிறது.

இந்தச் சுவையைக் கெடுப்பவர் கிர்க்கின் துணைத் தலைவரான ஸ்பாக். கலத்தின் திரையில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் அவர், கிர்க் ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும் அதன் பெயரையும் பயனையும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்குகிறார். விளக்கம் உண்மையில் நமக்கு. நாமே கண்டுபிடித்ததை இன்னொருவர் உரக்கச் சொல்லும்போது சுவை பாதி போய்விடுகிறது.

கேள்வி: இந்தக் கதை வேறோர் எழுத்தாளருடையது என்றும், திரைக்கதையாசிரியர் அதை எடுத்துக்கொண்டார் என்றும் படித்தேன். உண்மையா? — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஃபிரெட்ரிக் பிரவுன் என்பவர் இதே தலைப்பில் எழுதிய சிறுகதை 1944 ஜூன் மாத ‘அஸ்டவுண்டிங்’ என்ற அறிவியல் புனைகதை இதழில் வெளிவந்தது. ஜீன் கூன் திரைக்கதையை எழுதி முடித்த பிறகுதான் ஒற்றுமை கண்டுபிடிக்கப்பட்டது என்றும், உடனே பிரவுனிடம் பேசி உரிமை பெற்றார்கள் என்றும் சொல்லப்படுகிறது. எப்படியானாலும் அத்தியாயத்தின் தொடக்கத்தில் மூலக்கதை பிரவுனுடையது என்றே பெயர் போட்டிருக்கிறார்கள். ஆகவே திருட்டு என்ற பேச்சுக்கு இடமில்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் பயனுள்ள வேலை. பிரவுனின் கதையில் மனிதனுக்கு எதிரே நிற்பது ஒரு சிவந்த உருண்டை. மனிதன் மனதாலேயே சமாதானம் பேச முயல்கிறான். பதிலாக அந்த உருண்டையிடமிருந்து வெறுப்பு அலையாகப் பாய்ந்து வருகிறது. அதன் பிறகு கொல்வதைத் தவிர அவனுக்கு வழியில்லை. கொல்கிறான், எதிரியின் விண்படை முழுவதும் அழிகிறது, மனித இனம் தப்பிக்கிறது. உலகப் போரின் உச்சத்தில் எழுதப்பட்ட கதைக்கு அந்த முடிவு இயல்பாகவே பட்டிருக்க வேண்டும். கூன் அந்த முடிவைத்தான் மாற்றினார். அவருடைய எதிரிக்கு வாய் இருக்கிறது, ஒரு வழக்கும் இருக்கிறது. வியட்நாம் போர் அமெரிக்கச் செய்திகளை நிறைத்திருந்த 1967-இல், எதிரிக்கும் ஒரு நியாயம் இருக்கலாம் என்று மாலை நேரப் பொழுதுபோக்குத் தொடரில் எழுதியது சின்ன விஷயம் அல்ல.

கேள்வி: அழிந்த குடியிருப்பு இருந்த கோளும் சண்டை நடந்த கோளும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே? — வாசகர், மதுரை

பதில்: ஒன்றேதான். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே அகுவா டூல்சே அருகில் உள்ள வாஸ்க்வெஸ் பாறைகளில்தான் இரண்டும் படமாக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒளிந்திருந்த கொள்ளைக்காரன் ஒருவனின் பெயர்தான் அந்த இடத்துக்கு. சாய்ந்து நிற்கும் அந்தப் பாறைகளை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு எத்தனையோ படங்களிலும் தொடர்களிலும் அவை உங்களை விடாமல் துரத்தும். வெடிகளுக்கு அருகே நின்று நடித்ததால் தம் காதில் நிரந்தரமாக இரைச்சல் தங்கிவிட்டது என்று கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த அத்தியாயத்தின் படப்பிடிப்பையே அவர் அதற்குக் காரணமாகக் குறிப்பிட்டார்.

கேள்வி: ரப்பர் உடை குறையில்லை, மூங்கில் பீரங்கியும் குறையில்லை என்றால், நீங்கள் சொல்லும் ஓட்டைதான் எது? — வாசகர், சென்னை

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

முதல் பாதியில் கிர்க் சொல்வதைக் கவனியுங்கள். குடியிருப்பில் உயிர் பிழைத்தவர் ஒரே ஒருவர். பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள், சரணடைகிறோம் என்று சொன்னோம், கேட்கவில்லை என்று அவர் புலம்புகிறார். அந்தப் புலம்பல் காதில் ஒலிக்கத்தான் கிர்க் துரத்தலைத் தொடங்குகிறார். துரத்தினாலே போதாதா, அழிக்கத்தான் வேண்டுமா என்று ஸ்பாக் தமக்கே உரிய அமைதியோடு கேட்கும்போது, இந்தப் பகுதியில் காவல்காரர்கள் நாம் மட்டும்தான், ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்று கிர்க் வாயடைக்கிறார். கலம் தாங்காது என்று தெரிந்தும் வேகத்தை வார்ப் எட்டு என்ற, ஒளியையும் மிஞ்சும் அளவுக்கு உயர்த்துகிறார். கதாநாயகனின் கோபம் நியாயமாகவும் அதே சமயம் அச்சமூட்டுவதாகவும் இருக்கும்படி எழுதப்பட்ட பகுதி அது. தொடரின் மிக நல்ல பதினைந்து நிமிடங்களில் ஒன்று என்றே சொல்வேன்.

பிறகு பாறைகளுக்கு நடுவே கோர்ன் வாயைத் திறக்கிறது. மெட்ரான்கள் கொடுத்த பதிவுக் கருவி மொழிபெயர்ப்புக் கருவியாகவும் இருந்ததால், கிர்க் தனக்குத்தானே பேசியதையெல்லாம் அது கேட்டிருக்கிறது. ஓடி அலுத்துப்போகாதே, வந்துவிடு, வலிக்காமல் விரைவில் முடித்துவிடுகிறேன் என்கிறது. எங்கள் மக்களைக் கொன்றீர்களே என்று கிர்க் சீறுகிறார். நீங்கள்தான் எங்கள் எல்லைக்குள் வந்து குடியேறினீர்கள், படையெடுத்து வந்தவர்களை அழித்தோம் என்று பதில் வருகிறது. அதுவரை நாம் பார்த்த கதை அந்த ஒரு வாக்கியத்தில் தலைகீழாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் யார், அத்துமீறியவர்கள் யார் என்பதே மாறிப்போகிறது.

இப்போது கிர்க்கின் முகத்தில் ஏதாவது நிகழ வேண்டும். அங்கேதான் திரைக்கதை சறுக்குகிறது. கிர்க் பீரங்கி செய்யும் வேலைக்குத் திரும்பிவிடுகிறார். அவருக்கு வர வேண்டிய சந்தேகம் கலத்தில் இருக்கும் டாக்டர் மெக்காய்க்கு வருகிறது. அப்படியானால் தவறு நம்மேல் இருக்குமோ என்று அவர் கேட்க, இருக்கலாம் என்று ஸ்பாக் ஒப்புக்கொள்கிறார். அவ்வளவுதான். பீரங்கி வெடிக்கிறது, கோர்ன் விழுகிறது, அதன் கல் கத்தியையே அதன் கழுத்தில் வைத்த கிர்க், அவர்கள் தற்காப்புக்காகத்தான் தாக்கியிருக்கக்கூடும் என்று சொல்லிக் கையை விலக்கிக்கொள்கிறார். தன்னை மிருகத்தைப்போல மோதவிட்டு வேடிக்கை பார்த்தவர்களை நோக்கி, உங்களுக்கு வேண்டிய கேளிக்கையை வேறெங்காவது தேடிக்கொள்ளுங்கள் என்று கத்துகிறார். காட்சி கம்பீரமாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் பழிவாங்கும் வெறியிலிருந்து இரக்கத்துக்கு வந்து சேர்ந்த வழி நமக்குக் காட்டப்படவே இல்லை. கல் எறிவதற்கும் பள்ளத்தில் ஓடுவதற்கும் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த மனமாற்றத்துக்குக் கிடைத்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

இறந்துபோன குடியிருப்பு மக்களும் அதோடு மறக்கப்படுகிறார்கள். எல்லைத் தகராறு என்றாலும் சரணடைந்த குழந்தைகளைக் கொன்றது எப்படிச் சரியாகும் என்ற கேள்வியைக் கோர்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் இரக்கம் காட்டுவது இன்னும் கடினமாகியிருக்கும். கதையும் அந்த அளவுக்கு உயர்ந்திருக்கும்.

இது என் கற்பனை எதிர்பார்ப்பு அல்ல. சரியாக ஏழு வாரங்கள் கழித்து, 1967 மார்ச் 9 அன்று, அதே கூன் எழுதி அதே பெவ்னி இயக்கிய ‘தி டெவில் இன் தி டார்க்’ என்ற அத்தியாயம் ஒளிபரப்பானது. சுரங்கத் தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கொல்லும் பாறை போன்ற ஒரு பிராணி, தன் முட்டைகளைக் காக்கும் தாய் என்று அதில் தெரியவருகிறது. அங்கே கிர்க் அந்தப் பிராணிக்கு எதிரே துப்பாக்கியோடு தனியாக நிற்கிறார். அது நெருங்குகிறது, அவர் குறி வைக்கிறார், அது நின்றுவிடுகிறது, அவர் துப்பாக்கியைத் தாழ்த்துகிறார். சுடலாமா வேண்டாமா என்ற தயக்கம் முழுவதும் நம் கண் முன்னே நடக்கிறது. ‘அரீனா’வில் தவறவிட்டதைக் கூன் அங்கே பிடித்துவிட்டார்.

கேள்வி: வன்முறை கூடாது என்று உபதேசிக்கும் மெட்ரான்களே தோற்றவரின் கலத்தை அழிப்போம் என்று மிரட்டுவது எந்த ஊர் நியாயம்? — வாசகர், புதுச்சேரி

பதில்: எந்த ஊர் நியாயமும் இல்லை. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கும் கலத்தை அழிக்கத் தயங்காதவர்கள், கடைசியில் கிர்க்கின் முன் தோன்றி, நீங்கள் இன்னும் பாதிக் காட்டுமிராண்டிகள்தான், ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதற்குமேல், கோர்ன்களை உங்களுக்காக நாங்கள் அழித்துவிடட்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்கிறார் கிர்க். அந்த உரையாடலில் யார் காட்டுமிராண்டி என்று பார்ப்பவருக்குத் தெரியும். அதை எழுதியவர் வேண்டுமென்றே செய்தாரா என்பதுதான் விளங்கவில்லை, ஏனென்றால் காட்சியின் இசையும் ஒளியும் மெட்ரானைத் தேவதூதன் போலவே காட்டுகின்றன. இளம் நடிகை ஒருவருக்கு வெள்ளை அங்கி உடுத்தி, விக் பெரின் என்பவரின் கனத்த ஆண் குரலைப் பொருத்தியிருந்தார்கள். அந்த வினோதம் மட்டும் இன்றும் வேலை செய்கிறது.

இந்தக் குளறுபடியையும் கூன் அதே ஆண்டு மார்ச் மாதத்தில் சரிசெய்துவிட்டார். ‘எர்ரண்ட் ஆஃப் மெர்சி’ அத்தியாயத்தில் ஆர்கேனியர்கள் என்ற பேராற்றல் இனத்தார் மனிதர்களுக்கும் கிளிங்கான்கள் என்ற எதிரி இனத்தாருக்கும் இடையே மூளவிருந்த போரைத் தடுக்கிறார்கள். அவர்கள் யாரையும் கொல்வதாக மிரட்டுவதில்லை, ஆயுதங்களைத் தொட முடியாதபடி சுட வைத்துவிடுகிறார்கள். எங்கள் போரில் தலையிட உங்களுக்கு என்ன உரிமை என்று கிர்க் வாதாடத் தொடங்கி, தாம் எதற்காக வாதாடுகிறோம் என்பது பாதியில் உறைத்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

கேள்வி: கேப்டன் கலத்திலிருந்து திடீரென மறைந்ததும் தகவல் தொடர்பு அதிகாரி உஹுரா அலறுவது உங்களுக்கு உறுத்தவில்லையா? — வாசகி, சேலம்

பதில்: நன்றாகவே உறுத்தியது. கலத்தின் மேல்தளத்தில் இருப்பவர்களில் நிதானத்துக்குப் பெயர்போன அதிகாரி அவர். ஆண்கள் எல்லோரும் திகைத்து நிற்க அவர் மட்டும் அலறுவது, காட்சிக்கு ஓர் ஒலி தேவைப்பட்டது என்பதற்காகச் செய்த வேலை.

கேள்வி: ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ என்ற புதிய ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் கோர்ன்கள் உண்மையிலேயே நடுங்க வைக்கின்றன. அதைத்தானே முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும்? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தொழில்நுட்பத்தில் முன்னேற்றம், ஐயமில்லை. 2022-இல் தொடங்கிய அந்தத் தொடரில் கோர்ன்கள் மனித உடலுக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் கொடிய வேட்டைப் பிராணிகள். பயமுறுத்துவதில் குறையே இல்லை. கால வரிசைப்படி இது கிர்க் கேப்டன் ஆவதற்கு முந்தைய கதை என்பதால், ‘அரீனா’வில் கோர்ன் யாரென்றே தெரியாமல் ஸ்பாக்கும் உஹுராவும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது பொருந்தாமல் போகிறது. அந்தப் பொருத்தக் கேட்டை ரசிகர்கள் சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். என் வருத்தம் வேறு. ரப்பர் உடைக்குள் மூச்சு வாங்கிய அந்தக் கோர்ன், இது எங்கள் நிலம் என்று வாதாடியது. புதிய கோர்னுக்குப் பசி மட்டுமே இருக்கிறது, வாதம் இல்லை. பிரவுனின் 1944-ஆம் ஆண்டு உருண்டைக்கே கதை திரும்பிப் போய்விட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

இடையில் வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற ஸ்டார் ட்ரெக் தொடர் இதைவிடச் சாதுரியமாக நடந்துகொண்டது. அதில் செஸ்டஸ் மூன்றில் மனிதர்கள் மறுபடியும் குடியேறி, பேஸ்பால் அணிகள் வைத்து விளையாடிக்கொண்டிருப்பதாகப் போகிற போக்கில் ஒரு பேச்சு வரும். பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று கிர்க் சொன்னது நடந்திருக்கிறது என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பையனுக்கு முதல்முறையாக இந்தத் தொடரைக் காட்ட விரும்புகிறேன். ‘அரீனா’வில் தொடங்கலாமா? — வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். பழைய வடிவமும் புதுப்பித்த வடிவமும் கிடைத்தால் பழையதையே போடுங்கள். கிர்க் கந்தகத்தையும் கரியையும் பார்க்கும் இடம் வந்ததும் ஒலியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அவர் என்ன செய்யப் போகிறார் என்று பையனிடமே கேளுங்கள், ஸ்பாக் முந்திக்கொள்ள வேண்டாம். வீட்டில் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள். மறுநாளே ‘தி டெவில் இன் தி டார்க்’கைக் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே அதிக நாள் விட்டால், கோர்னிடம் கிர்க் பேசாமல் விட்டது என்ன என்பது அவனுக்கு மறந்துபோயிருக்கும்.